பெனி இஸ்கென்: வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடாத ஊருக்குப் போகத்தான் வேண்டுமா?

பாலைவழி
போன நவம்பரில் அல்ஜீரியா போய்வந்தேன். அல்ஜியர்ஸில் இரவு பஸ் பிடித்துத் தெற்கே 600 கிலோமீட்டர், காலையில் கர்தாயா. அங்கே ம்ஸாப் பள்ளத்தாக்கில் மதில் சூழ்ந்த ஐந்து பழைய ஊர்கள் பக்கத்துப் பக்கத்துக் குன்றுகளில் இருக்கின்றன, 1982 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. நான் ஆசை ஆசையாகப் போனது அதில் பெனி இஸ்கென் என்ற சின்ன ஊருக்கு. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளூர் வழிகாட்டி கட்டாயம், ஆட்களைப் படம் எடுக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, அரைக்கால் சட்டை கூடாது. சரி என்று பணம் கட்டினால், எனக்கு வாய்த்த வழிகாட்டி ஒன்பது பேரைச் சேர்த்து ஓட்டிக்கொண்டு போய் 50 நிமிடத்தில் திரும்ப வாசலில் விட்டுவிட்டார். நின்று ஒரு தெருவைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை. விசாவுக்கு அலைந்து, இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: தன் போக்கில் நடக்க முடியாத ஊரைப் பார்த்தாலும் பார்த்த மாதிரி இருக்காது. கர்தாயாவின் பெரிய சந்தைச் சதுக்கத்தில் யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள். அந்த நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

நிலாச்செல்வி
அண்ணா, 50 நிமிடத்தில் முடித்தது அந்த வழிகாட்டியின் தப்பு, ஊரின் தப்பு இல்லையே. நானும் என் கணவரும் பிற்பகலில் போனோம். எங்களுடன் வந்தவர் வயதான மனிதர், நாங்கள் கேட்டதற்கெல்லாம் நின்று நின்று பதில் சொல்லி இரண்டரை மணி நேரம் சுற்றினார். கடைசியில் ஏலச் சந்தைக்குக் கூட்டிப்போனார். அதைப் பார்க்காமல் வந்துவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

முக்கோண வடிவில் ஒரு சதுக்கம், மூன்று பக்கமும் சுவரோரமாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கடையும் கிடையாது, மேசையும் கிடையாது. விற்பவர்தான் சரக்கைத் தூக்கிக்கொண்டு சுற்றி வருகிறார். ஒரு பெரியவர் சுருட்டிய கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசியாகக் கேட்ட விலையைச் சொல்லிக்கொண்டே நடந்தார். உட்கார்ந்திருந்த ஒருவர் முழங்காலில் வைத்த கையை எடுக்காமலே ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். அடுத்த சுற்றில் விலை ஏறியிருந்தது. இன்னொருவர் கொண்டுவந்தது பழைய தையல் இயந்திரம். வீட்டுச் சாமான், அண்ணா. ஒரு வீட்டில் பணமுடை வந்தால்தான் தையல் இயந்திரம் ஏலத்துக்கு வரும் என்று நமக்குச் சொல்லியா தர வேண்டும்? அதை முப்பது பேர் போன் தூக்கிப் படம் எடுத்தால் அடுத்த நாள் அந்த மனிதர் எப்படி வருவார்? அந்தத் தடை எனக்கு அங்கேதான் புரிந்தது.

பாலைவழி
ஏலச் சந்தை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், எங்களை அந்தப் பக்கமே கூட்டிப்போகவில்லை. ஆனால் என் கேள்வி படம் எடுப்பது மட்டும் இல்லை. திருமணமான பெண்கள் வெள்ளைக் கம்பளி ஹாயிக் போர்த்தி ஒரு கண் மட்டும் தெரியப் போகிறார்கள், எங்களைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வழிகாட்டி எங்களையும் வேறு பக்கம் பார்க்கச் சொன்னார். இந்த விதிகளைப் போட்டவர்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த ஆண்கள். பெண்களை யார் கேட்டார்கள்? விதியை மதிக்க வேண்டும் என்று சொல்லும்போது யாருடைய விதி என்றும் கேட்க வேண்டும். இன்னொன்று, உலகப் பாரம்பரியம் என்று பெயர் வாங்கிய பிறகு அது உலகத்துக்குத் திறந்திருக்க வேண்டாமா?

கல்மனை
கட்டடக்கலை படித்தவன் என்பதால் குறுக்கே வருகிறேன். யுனெஸ்கோ பட்டியல் ஒரு இடத்தைக் காப்பாற்றத்தான், மக்கள் குடியிருக்கும் வீட்டை அருங்காட்சியகம் ஆக்க இல்லை. இந்த ஊர்களின் அமைப்பைப் பாருங்கள். உச்சியில் பள்ளிவாசல், கோட்டை மாதிரி. மினாராதான் காவல் கோபுரம், உள்ளேயே தானியமும் ஆயுதமும் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி வட்ட வட்டமாக வீடுகள் மதில்வரை இறங்குகின்றன. ஒருவர் மாடி பக்கத்து வீட்டின் வெளிச்சத்தை மறைக்கக் கூடாது, அடுத்தவர் முற்றத்தை எட்டிப் பார்க்கும்படி ஜன்னல் வைக்கக் கூடாது. தெருக்கதவு பகலில் திறந்தே கிடக்கும், ஆனால் நுழைந்ததும் ஒரு சுவர் குறுக்கே நிற்கும், வழி வளைந்துதான் உள்ளே போகும். தெருவில் நிற்பவருக்கு வீட்டின் ஒரு மூலைகூடத் தெரியாது. வெளிச்சம் நடுக்கூரையில் கம்பி வலை போட்ட திறப்பு வழியாக வருகிறது. கண்ணுக்கு எல்லை போட்டே ஊரைக் கட்டியிருக்கிறார்கள். கேமரா வந்தபோது அதே விதியை அதற்கும் நீட்டினார்கள், அவ்வளவுதான்.

புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ல கொர்புசியே 1931இல் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார். இங்கே வெள்ளைச் சுவர்களில் அவர் பார்த்த எளிமை பிறகு அவர் வேலையில் தெரிகிறது என்பார்கள். இந்த ஐந்தில் ஒன்றான எல் அத்தெஃப் ஊரில் சிதி பிராஹிம் பள்ளிவாசலின் சின்னச் சின்னத் துளைகள் வழியே வெளிச்சம் விழுவதைப் பார்த்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

ஆனால் பாலைவழி சொல்வதில் ஒன்று சரி. ஒன்பது பேரைக் கூட்டமாக ஓட்டுவது அந்தச் சந்துகளுக்கும் நல்லதல்ல. இரண்டு மூன்று பேருக்கு ஒரு வழிகாட்டி என்று வைக்கலாம்.

முத்துவேல்
எல்லோரும் விதியைப் பற்றிப் பேசுகிறீர்கள், அவர்கள் ஏன் அந்தக் காய்ந்த பள்ளத்தாக்குக்கு வந்தார்கள் என்று பேசவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் மக்களான ம்ஸாபிகள் இபாதிகள், இஸ்லாத்தில் ஒரு சிறு பிரிவு. வட அல்ஜீரியாவில் தாஹர்த்தில் அவர்களுக்கு ஒரு அரசு இருந்தது, 909இல் ஷியா வம்சத்தவரான ஃபாத்திமிகள் அதை அழித்தார்கள். தெற்கே பாலைவனத்தில் வார்க்லா பக்கம் செத்ராத்தாவுக்கு ஓடினார்கள், அங்கிருந்தும் நகர்ந்து 11ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து ஊர் கட்ட ஆரம்பித்தார்கள். யாரும் கண் வைக்காத நிலம் வேண்டும் என்றுதான் இதைத் தேர்ந்தார்கள். மழை வந்தால் பாயும் வெள்ளத்தை வாய்க்கால்களில் பிடித்து, சீப்புப் பல் மாதிரி கல் நட்டு ஒவ்வொரு தோட்டத்துக்கும் பங்கு பிரித்து, அந்த இடத்தில் பேரீச்சை வளர்த்தார்கள். பழைய கதை என்று தள்ள முடியாது, 2013 முதல் 2015 வரை கர்தாயாவில் அவர்களுக்கும் அரபு மக்களுக்கும் பெரிய மோதல், 2015 ஜூலையில் மட்டும் 20 பேருக்கு மேல் செத்தார்கள். வாசலில் உங்களை நிறுத்தி யார் என்று கேட்பவரின் இடத்தில் நின்று யோசியுங்கள்.

வாணி_பயணம்
பெண்களை யார் கேட்டார்கள் என்று பாலைவழி கேட்டாரே, நான் கேட்டேன். தனியாகப் போயிருந்தேன். என் வழிகாட்டி தன் வீட்டில் தேநீருக்கு அழைத்தார், அவர் தங்கையும் அம்மாவும் கம்பளம் நெய்துகொண்டிருந்தார்கள். பிரெஞ்சில் எனக்குத் தெரிந்த அளவுக்குப் பேசினேன். தறியைப் படம் எடுக்கலாமா என்றதற்குத் தறியை எடுங்கள், கை வேண்டாம் என்று அந்த அம்மாவே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஹாயிக் பற்றிக் கேட்டதும் தங்கை சொன்னது எனக்கு மறக்காது: போர்த்திக்கொண்டு போகும்போது தெருவில் இருப்பவர்களுக்கு நான் யாரும் இல்லை, அது பிடித்திருக்கிறது, ஆனால் படிக்க அல்ஜியர்ஸ் போக அனுமதி கிடைத்திருந்தால் இன்னும் பிடித்திருக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். அதனால் நிலாச்செல்வி மாதிரி எல்லா விதியும் நல்லதற்கே என்று என்னால் சொல்ல முடியாது. பாலைவழி மாதிரி, அவர்களுக்குக் குரலே இல்லை என்றும் சொல்ல முடியாது.

நிலாச்செல்வி
எல்லா விதியும் நல்லது என்று நான் சொல்லவில்லை அக்கா. வெளியூர்க்காரர் மதிலுக்குள் இரவு தங்கக் கூடாது என்ற பழைய வழக்கம் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, சூரியன் மறைந்து மக்ரிப் தொழுகைக்குப் பிறகு அந்தத் தெருக்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க அவ்வளவு ஆசை. ஆனால் அதை மாற்றுவதா வேண்டாமா என்பதை ஊர்க்காரர்கள், உங்களுக்குத் தேநீர் கொடுத்த அந்தத் தங்கையையும் சேர்த்துத்தான், முடிவு செய்ய வேண்டும். ஒரு பிற்பகல் வந்துபோகும் நான் அதில் சொல்ல என்ன இருக்கிறது?

பாலைவழி
வாணி சொன்ன அந்தத் தங்கை மனதை விட்டுப் போகவில்லை. போகவே வேண்டாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, பெரிய குழுவோடு வருகிறீர்கள் என்றால் இன்னமும் கர்தாயாச் சந்தையைத்தான் சொல்வேன், பெனி இஸ்கென் அவசரத்தில் பார்க்கிற ஊர் இல்லை. பேரீச்சைத் தோட்டப் பக்கம் நடந்து அந்தச் சீப்புக் கற்களைப் பாருங்கள், அதற்கு யாரும் பணம் கேட்கவில்லை. நிலாச்செல்வி, ஏலம் எந்த நாளில் என்று மட்டும் சொல்லுங்கள், மறுபடி போனால் அதற்காகவே நேரம் வைக்கிறேன்.

நிலாச்செல்வி
வெள்ளிக்கிழமை தவிர எந்த நாள் பிற்பகலிலும் போகலாம் அண்ணா. அசர் தொழுகை முடிந்ததும் ஆட்கள் வந்து சுவரோரம் உட்கார ஆரம்பிப்பார்கள். முன்கூட்டியே வாசலில் கேட்டு, தனி வழிகாட்டி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுங்கள். டினாராகக் கையில் வைத்திருங்கள், நம் கார்டு அங்கே வேலை செய்யாது. எங்களுக்கு ஒரு சின்னச் செம்புக் கெண்டி 900 டினாருக்குக் கிடைத்தது, என் கணவர் விரலை உயர்த்திவிட்டு இரண்டு சுற்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.