ரிஸ்க் ஆஃப் ரெயின் 2: தம்பி எப்போதும் முதலில் செத்துவிடுகிறான், என்ன செய்யலாம்?

பாளை_மேட்டுத்தெரு:
நாங்கள் மூன்று பேர் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ரிஸ்க் ஆஃப் ரெயின் 2 என்கிற ஷூட்டிங் கேமை ஆன்லைனில் சேர்ந்து ஆடுகிறோம். நானும் தம்பியும் பாளையில், சித்தி மகன் அம்பாசமுத்திரத்தில். தம்பி பத்தாவது படிக்கிறான். ரெயின்ஸ்டார்ம் என்கிற நடுத்தர லெவலில் ஆரம்பித்தால் இரண்டாவது ஸ்டேஜிலேயே அவன் செத்துவிடுவான், அப்புறம் நாங்கள் அடுத்த ஸ்டேஜுக்குக் கொண்டுபோகிற டெலிபோர்ட்டரைக் கண்டுபிடித்து முடிக்கிற வரைக்கும் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அடுத்த ஸ்டேஜில் உயிர் வந்துவிடும்தான், ஆனால் வந்த வேகத்தில் போய்விடுகிறது. நேற்று 40 நிமிஷம் ஆடி மூன்று பேரும் செத்து எல்லாம் போனதும் "நான் வரல, நீங்களே ஆடுங்க" என்று எழுந்து போய்விட்டான். அவன் இல்லாமல் ஆட எனக்கு மனசே வரவில்லை. லெவலைக் குறைக்கவா, வேறு கேம் பார்க்கவா?

சாரல்காற்று:
முதலில் ஒன்று பாருங்கள் அண்ணாச்சி. ஆட்டத்துக்கு நடுவில் டேப் அழுத்தினால் யார் கையில் எத்தனை பொருள் என்று தெரியும். தம்பியிடம் பாதிகூட இருக்காது என்று நினைக்கிறேன். காசு எல்லோருக்கும் சமமாகப் பிரிந்து வரும், ஆனால் பெட்டியில் இருந்து விழுகிற பொருள் யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்குத்தான். வேகமாக ஓடுகிறவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார், புதிதாக ஆடுகிறவர் வெறுங்கையோடு நிற்பார். கடிகாரம் ஓட ஓட எதிரி பலமாகிக்கொண்டே போகிற கேம் இது, வெறுங்கையோடு நிற்கிறவன் எப்படித் தாங்குவான்? எங்கள் குழுவில் முதல் இரண்டு ஸ்டேஜில் விழுகிற வெள்ளைப் பொருள் (சாதாரண ரகம்) எல்லாம் கடைசி ஆளுக்குத்தான். கரடிபொம்மை கண்ணில் பட்டால் நான் தொடவே மாட்டேன், பிங் பண்ணி, அதாவது திரையில் குறி காட்டிக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வேன். அது விழுகிற அடியில் சிலதைத் தடுத்துவிடும். லெவலைக் குறைக்க வேண்டாம்.

வண்ணார்பேட்டை88:
குறைத்தால் என்ன? பதினைந்து வயதுப் பையன், கொஞ்ச நாள் டிரிசில் என்கிற சுலபமான லெவலில் ஆடிக் கை பழகட்டும். செத்தால் பொருள் எல்லாம் போய்விடும், ஆனால் லூனார் காசு என்கிற தனிக் காசும் திறந்த கேரக்டரும் போகாது, இதை அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள். மொத்தம் 30 ஸ்டேஜ் முடித்தால் இன்ஜினியர் என்கிற கேரக்டர் கிடைப்பான், தோற்ற ஆட்டத்தில் முடித்த ஸ்டேஜும் அதில் சேரும். தம்பிக்கு அவன்தான் சரி. தானாகச் சுடுகிற துப்பாக்கி, அதாவது டரெட், இரண்டு வைக்கலாம், அவன் எடுக்கிற பொருள் டரெட்டுக்கும் வேலை செய்யும். ஒரு விநாடி அசையாமல் நின்றால் உடம்பைத் தேற்றுகிற காளான் ஒன்று உண்டு இல்லையா, முதலில் கிடைக்கிற டரெட் நகரவே நகராது, அதனால் இரண்டும் நின்ற இடத்தில் சுற்றியிருக்கிற எல்லோரையும் தேற்றிக்கொண்டே இருக்கும். டெலிபோர்ட்டர் சார்ஜ் ஆகிற 90 விநாடியும் அதைச் சுற்றியிருக்கிற வட்டத்துக்குள் டரெட்டை வைத்துவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருப்பது அவன் கையில். அப்புறம் எழுந்து போக மாட்டான்.

அம்பை_ஆத்தங்கரை:
ஹோஸ்ட் யார், அதாவது யார் மெஷினில் ஆட்டம் ஓடுகிறது? ஐப்பசி மழை தொடங்கிவிட்டது, இடி இடித்தால் எங்கள் பக்கம் கரண்ட் நிற்காது. ஹோஸ்ட் போனால் மூன்று பேர் ஆட்டமும் போச்சு. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுக்காரர் ஹோஸ்ட் பண்ணட்டும், ரவுட்டரையும் அதிலேயே மாட்டுங்கள். வேறு கேம் வேண்டும் என்றால் கன்ஃபயர் ரீபார்ன் பாருங்கள், நான்கு பேர் வரை ஆடலாம், விழுந்தவனைப் பக்கத்தில் போய் அங்கேயே எழுப்பிவிடலாம். ரோபோக்வெஸ்ட் நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு பேருக்குத்தான் இடம், ஒருத்தர் வெளியே உட்கார வேண்டிவரும்.

பாளை_மேட்டுத்தெரு:
டேப் அழுத்திப் பார்த்தேன். என்னிடம் 19 பொருள், சித்தி மகனிடம் 16, தம்பியிடம் 4. இத்தனை நாள் இதைக் கவனிக்கவே இல்லை, அவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். நேற்று டிரிசில் வைத்து, முதல் ஸ்டேஜில் கிடைத்தது எல்லாவற்றையும் அவனுக்கே விட்டோம். நான்காவது ஸ்டேஜில் நாங்கள் இருவரும் செத்துவிட்டோம், அவன் தனியாளாக அந்த வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி ஓடிச் சார்ஜை முடித்து எங்களை அடுத்த ஸ்டேஜுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஹெட்செட்டில் சித்தி மகன் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டார்கள். இன்றைக்கு எட்டரைக்கே வந்து உட்கார்ந்திருக்கிறான், இன்ஜினியருக்கு இன்னும் 11 ஸ்டேஜ்தான் பாக்கியாம்.