இந்த எலெக்ட்ரிக் கிட்டார் எந்த மாடல், எந்த வருஷத்தது?

வணக்கம் நண்பர்களே. கும்பகோணம் பக்கம் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கினேன். அவருக்கே அது இரண்டாம் கை. பில் கிடையாது.

ஹெட்ஸ்டாக்கில் (நெக் எனும் கழுத்தின் தலைப்பகுதியில்) ஸ்குவையர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று தெளிவாக இருக்கிறது; ஸ்குவையர் என்பது ஃபெண்டர் கம்பெனியின் விலை குறைந்த பிராண்டு. அஃபினிட்டி, ஸ்டாண்டர்டு என்பதுபோல் வரிசைப் பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தை மட்டும் யாரோ சுரண்டியிருக்கிறார்கள். பின்னால் சீரியல் எண் ஐசிஎஸ்11 என்று தொடங்குகிறது. அதாவது இந்தோனேசியா, கோர்ட் தொழிற்சாலை, 2011. சரி, ஆனால் அந்த எண் நெக்கில்தானே இருக்கிறது? நாலு திருகைக் கழற்றினால் எந்த நெக்கையும் எந்த பாடியிலும் மாட்டிவிடலாம்.

என் சந்தேகமே அங்கேதான். ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) 22 இருக்கிறது. அஃபினிட்டி என்றால் 21தான், அதனால் நெக் ஸ்டாண்டர்டு வரிசை என்று நினைக்கிறேன். பாடியோ மெல்லிசு, ஸ்கேல் வைத்தால் 4 செ.மீ. வருகிறது. வழக்கமான ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டத்தட்ட 4.5 இருக்கும். இரண்டும் வேறு வேறு கிட்டாரோ?

துருவை வைத்து வயது சொல்லாதீர்கள். நம் டெல்டாவில் ஓர் ஐப்பசி மழை போதும், புதுத் திருகும் பழசாகிவிடும்!

பிக்கார்டை (பாடியின் முன்பக்கத் தகடு) கழற்றிப் பார்க்கத் தயார். நெக் மாட்டும் குழியில், வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் என்ன முத்திரை, எண் தேட வேண்டும்? அப்புறம், தஞ்சாவூர், திருச்சி பக்கம் கிட்டார் வேலை தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள். படங்கள் கீழே.