போலீஸ் சோதனை: போன், வீடு, பை. நீங்கள் பார்த்த சம்பவங்கள்?

அண்ணாநகர்_வாசி:
எதிர் வீட்டுப் பையன், சாப்பாடு டெலிவரி பண்றவன். ராத்திரி வண்டிச் சோதனையில நிறுத்தியிருக்காங்க. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரி. அப்புறம்தான் "போனைக் குடு, லாக்கை எடு". வாட்ஸ்அப்ல 'கஞ்சா'ன்னு அடிச்சுத் தேடினாங்களாம், ஒண்ணும் வரலை. உடனே கேலரி. அவன் அக்கா வளைகாப்பு போட்டோவை எல்லாம் ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கார் அந்த அதிகாரி. பையன் அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்றான். இதுக்கு அதிகாரம் இருக்கா?

எழும்பூர்_கோர்ட்:
கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 130-ஆவது பிரிவுப்படி சீருடையில இருக்கிறவர் கேட்டா வண்டி ஓட்டுறவர் லைசென்ஸைக் காட்டணும். போனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. வாரண்ட் இல்லாம தேடணும்னா பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்த சட்டம்) 185 இருக்கு: ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ விசாரணை அதிகாரியோ காரணத்தையும், எதைத் தேடுறோம்ங்கிறதையும் முன்னாடியே எழுதி வைக்கணும். அந்த நகல் 48 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட்டுக்குப் போகணும். போனைத் தேட வாரண்ட் வேணும்னு கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல விரேந்திர கன்னா வழக்குல சொல்லியிருக்கு. நம்ம கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனா எடுத்துக்காட்டலாம். "எழுத்துல குடுங்க சார்"னு கேட்கணும். பிடுங்கினா மல்லுக்கு நிக்கக் கூடாது. அங்கேயே எதையும் அழிச்சிடவும் கூடாது, அது தனிக் கேஸ் ஆயிடும். 185-ஐ மீறினா அவங்க கேஸ் நிக்காது.

மகஜர்_படிப்பவன்:
என்கிட்ட கேஸ் குடுத்த கட்சிக்காரர் வீட்டுல போட்ட மகஜர்ல (போலீஸ் எடுத்த பொருளைப் பட்டியல் போடுற தாள்) "கறுப்பு நிற செல்போன் ஒன்று". அவ்வளவுதான் இருந்துச்சு! லேப்ல இருந்து ரிப்போர்ட் வரும்போது அது இவர் போன்தானான்னு எதை வெச்சுச் சொல்றது? *#06# அடிச்சா ஐ.எம்.இ.ஐ. (போனோட தனி அடையாள எண்) வரும்; இரண்டு சிம் போன்னா இரண்டு எண்ணையும் எழுதச் சொல்லுங்க. சிம், மெமரி கார்டு தனித்தனி வரி. எடுத்தப்ப ஆன்ல இருந்துச்சா ஆஃப்ல இருந்துச்சா, கண்ணாடி உடைஞ்சிருந்துச்சா, எத்தனை மணி, எல்லாம் வரணும். காலி இடம் இருந்தா கோடு போட்டு அடிச்ச பிறகுதான் கையெழுத்து. வெற்றுத் தாள்ல ஒருபோதும் போடாதீங்க.

பி.என்.எஸ்.எஸ். 103-ன்படி அந்த வட்டாரத்து ஆட்கள் இரண்டு பேராவது சாட்சி நிக்கணும். ஜீப்பிலேயே கூட்டிட்டு வந்த ஆள்னா அவர் பேரையும் ஊரையும் குறிச்சு வைங்க. வீட்டுக்காரர் கூடவே இருந்து பார்க்கலாம், பட்டியல் நகல் கேட்டு வாங்கலாம். அதே சட்டம் 105-ன்படி மகஜர் எழுதுறது, சாட்சி கையெழுத்து வரை வீடியோ எடுத்து, தாமதமில்லாம மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பணும். வீடியோ பாதியில நின்னிருந்தா அதுதான் குறுக்கு விசாரணையில நமக்குக் கை கொடுக்கும்.

பழைய_கறுப்புக்கோட்டு:
எழும்பூர்_கோர்ட் கடைசியா சொன்னதை நம்பி யாரும் ஏமாந்துடாதீங்க. முறைகேடா தேடினாலும் கிடைச்ச பொருள் சம்பந்தப்பட்டதா இருந்தா சாட்சியமாகும், 1973-ல பூரண்மல் வழக்குலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017-ல புட்டசாமி தீர்ப்பு வந்ததனால மட்டும் அந்தக் கதவு தானா மூடிடாது. 185 மீறல் சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவே.

போதைப்பொருள் சட்டம் 50 மட்டும் வேற மாதிரி. உடம்பைச் சோதிக்கும் முன்னாடி "மாஜிஸ்திரேட் முன்னாடியோ கெசட்டட் அதிகாரி முன்னாடியோ சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்லணும். 2014 பரமானந்த் வழக்குல இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தார்; சோதனைக்கு வந்த குழுவிலேயே இருந்த அதிகாரியை மூணாவது வழியா காட்டியிருந்தாங்க. அவங்க விடுதலையை உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணுச்சு. பையில மட்டும் சரக்கு கிடைச்சா 50 பொருந்தாது, அதையும் மறக்காதீங்க. பெண்ணைப் பெண்தான் சோதிக்கணும்.

அண்ணாநகர்_வாசி:
பையன்கிட்ட ஒரு காகிதமும் குடுக்கலை. நேரம், இடம், வண்டி எண் எழுதி வைக்கச் சொல்லிட்டேன்.

எழும்பூர்_கோர்ட்:
அதோட எஸ்.பி. இல்லைன்னா கமிஷனர் ஆபீசுக்குப் பதிவுத் தபால்ல புகார், ஒப்புகை அட்டையோட. பக்கத்துக் கடை சிசிடிவி பதிவு அழியுறதுக்குள்ள போய்க் கேட்கச் சொல்லுங்க.