கடன் கணக்கைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்கலாம்?

வணக்கம். இலங்கையில் ஹட்டன் பக்கம் உயர்தரப் பொருளியல் படிப்பிக்கிறேன். "2024இல் நாடு 5 சதவீதம் வளர்ந்ததாம், எங்கள் லயத்தில் ஏன் தெரியவில்லை சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள் (லயம் என்பது தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகள்). 2022இல் 7 சதவீதத்துக்கு மேலும், 2023இல் 2.3 சதவீதமும் சுருங்கிய பிறகு வந்த வளர்ச்சி என்பதால், 2024இல் பொருளாதாரம் பழைய இடத்தையே எட்டவில்லை என்றேன். 2024 ஜனவரியில் வற் எனும் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 சதவீதமானதையும் சொன்னேன். அது சரி.

அப்புறம்தான் தடுமாறினேன். நாட்டின் கடனைக் கட்டுக்குள் கொண்டுவர, வட்டிச் செலவை விட்டுப் பார்த்தால், அரசின் வரவு செலவைவிட மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் மிகையாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச நாணய நிதியத்துடனான இலக்கு. இப்படி இறுக்கினால் மீட்சியே தளராதா? தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புரியும் உதாரணமோ தமிழ்க் குறிப்புகளோ இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். திங்கட்கிழமை அந்தப் பாடம் இருக்கிறது.