இறகுப்பந்து ஆடுகளத் தளத்துக்கு இணையத்தில் வாங்கிய பைன் சட்டங்களில் ஈரமும் அளவுக் குறைவும்: ஆலோசனை தேவை

கேட்டவர் (தஞ்சாவூர்):

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறம் தகரக் கூரையிட்ட கொட்டகைக்குள், பிள்ளைகள் பயிற்சி செய்வதற்காக ஓர் இறகுப்பந்து ஆடுகளம் அமைத்து வருகிறோம். கான்கிரீட் தளம் போட்டு முடிந்துவிட்டது. அதன்மேல் ரப்பர் கட்டைகள், 3×2 அங்குலப் பைன் சட்டங்கள், 12 மி.மீ. ப்ளைவுட் இரண்டு அடுக்கு, மேலே செயற்கை விரிப்பு என்று திட்டமிட்டிருக்கிறோம். 44×20 அடி ஆடுகளத்தைச் சுற்றி ஓட இடம் விட்டு, மொத்தத் தளத்தை 54×27 அடியாக வைத்திருக்கிறோம்.

முழு மரத்தையும் வாங்குவதற்கு முன், இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் மாதிரிக்காக ஒரு கட்டு மட்டும் வரவழைத்தோம். விற்பனைப் பக்கத்தில் ‘3×2 அங்குலம், வெப்பப் பதம் செய்தது’ என்று இருந்தது. வந்த சட்டங்களை அளந்தால் 2¾×1¾ அங்குலம்தான் இருக்கின்றன. ஊசி வகை ஈரமானி 20 முதல் 24 சதவீதம் வரை காட்டுகிறது. சிலவற்றில் வளைவும் முறுக்கும் தெரிகின்றன. பூச்சி மருந்து எதுவும் ஊட்டவில்லை என்று விற்பனையாளர் சொல்கிறார். மரத்தில் ‘எச்.டி.’ (HT, அதாவது வெப்பமூட்டியது) என்ற முத்திரை இருப்பதால் அது உலர்ந்த மரம்தான் என்கிறார். இவற்றைத் தளத்துக்குப் பயன்படுத்தலாமா? வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலையை முடிக்க விரும்புகிறோம்.

பதில் (தச்சுப் பணி, செங்கோட்டை):

வணக்கம் ஐயா. அந்த முத்திரை மரம் உலர்ந்ததற்குச் சான்று அல்ல. சரக்குப் பெட்டிகளுக்கும் சரக்கு அடுக்கும் ‘பேலட்’ தட்டுகளுக்கும் பயன்படும் மரத்திலிருந்து பூச்சிகள் நாடு விட்டு நாடு பரவாமல் இருக்க, மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் குறைந்தது 30 நிமிடங்களுக்கு எட்ட வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அதை நிறைவேற்றியதற்கான அடையாளம்தான் அது. அரை மணி நேர வெப்பத்தில் பூச்சி சாகும். இரண்டு அங்குல மரம் உள்ளே வரை உலராது. முத்திரையோடு வந்திருப்பதைப் பார்த்தால், பெட்டி கட்டுவதற்கென அறுத்த மரமாகவே எனக்குத் தோன்றுகிறது.

தஞ்சாவூர்ப் பகுதியில் கூரைக்குக் கீழே இருக்கும் மரம் பொதுவாக 12 முதல் 15 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். 22 சதவீதத்தில் பொருத்திய சட்டம் அந்த நிலைக்கு இறங்கும்போது நீளத்தில் பெரிதாக மாறாது. ஆனால் தடிமனில் ஏறக்குறைய 1 மி.மீ. சுருங்கக்கூடும். எல்லாச் சட்டங்களும் ஒரே அளவில் சுருங்கினாலாவது தளம் சமமாக இறங்கும். ஆனால் ஈரமும் ரேகையின் போக்கும் சட்டத்துக்குச் சட்டம் வேறுபடுவதால், ஒன்று தாழ்ந்து பக்கத்துச் சட்டம் நிமிர்ந்து நிற்கும். திருகாணி தளரும், ப்ளைவுட் கிறீச்சிடும், காலடி விழும்போது சில இடங்கள் மட்டும் உள்வாங்கும். குதித்து இறங்கும் பிள்ளைகளின் கணுக்காலுக்கு அது நல்லதல்ல. ஆகவே இப்போதுள்ள நிலையில் இவற்றைப் பொருத்த வேண்டாம்.

ஈரமானியை மட்டும் நம்பாமல், ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து ஓரங்குலத் துண்டு அறுத்து உடனே எடை பாருங்கள். பிறகு கேக் சுடும் மின் அடுப்பில் 103 பாகையில் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை உலர்த்துங்கள். எடை எவ்வளவு குறைந்ததோ அதை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரச் சதவீதம் கிடைக்கும். மருந்து ஊட்டிய மரமாக இருந்தால் சமையல் அடுப்பில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

பதில் (கட்டடப் பொறியாளர், திருச்சி):

அளவுக் குறைவைச் சிறிய விஷயமாக எண்ணிவிடாதீர்கள். சட்டங்களை 16 அங்குல இடைவெளியில் குறுக்காகப் போட்டால் 42 வரிசைகள் வரும். வரிசைக்கு 27 அடி என்றால் மொத்தம் 1,134 அடி. முழு 3×2 கணக்கில் அது 47.25 கன அடி. 2¾×1¾ அளவில் வந்தால் உங்கள் கைக்குக் கிடைப்பது சுமார் 38 கன அடிதான். கன அடிக்கு விலை பேசும்போது, இழைப்பதற்கு முந்தைய அளவுக்குக் கணக்கிடுகிறார்களா, இழைத்த பிறகுள்ள அளவுக்கா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் ஐந்தில் ஒரு பங்குப் பணம் இழைப்புச் சீவலுக்குப் போய்விடும்.

கறையான் இருக்கும் மண்ணில், தரையை ஒட்டிய இடத்தில் மருந்து ஊட்டாத பைன் கூடாது. அழுத்தத்தில் மருந்து செலுத்தி, அதன் பிறகு சூளையில் மறுபடியும் உலர்த்திய மரம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். மருந்துநீர் ஏறிய மரம் மீண்டும் ஈரமாகிவிடும் என்பதால் அந்த இரண்டாவது உலர்த்தல் மிக முக்கியம். ப்ளைவுட்டில் ஐ.எஸ். 710 (நீர் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையைப் பாருங்கள். உங்கள் பரப்புக்கு ஓர் அடுக்குக்கு 8×4 அடிப் பலகைகள் 46 தேவை. வெட்டுச் சேதத்துக்குச் சிலவற்றைக் கூடுதலாக வையுங்கள். சட்டம் போடுமுன் கான்கிரீட்டின் மேல் ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நாற்புறமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தால், மரம் எவ்வளவு உலர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை.

கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. துண்டின் எடை 48.4 கிராமிலிருந்து 40 கிராமுக்கு இறங்கி நின்றது; அதாவது 21 சதவீதம். பாலித்தீனுக்கு அடியில் ஈரம் இல்லை. ஒரு துண்டு அறுத்துவிட்டதால் அந்தச் சட்டங்களைத் திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்கிறார். இதற்கு வழி உண்டா?

பதில் (கட்டடப் பொறியாளர், திருச்சி):

உண்டு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. அளவுக் குறைவுதான் உங்களுடைய வலுவான ஆதாரம். அளவு நாடாவை வைத்து எடுத்த படங்களையும் விற்பனைப் பக்கத்தின் படத்தையும் இணைத்து எழுத்தில் கேளுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம்.

பதில் (தச்சுப் பணி, செங்கோட்டை):

அடுத்த கொள்முதலில் இழைத்த அளவு, 15 சதவீதத்துக்கு மேற்படாத ஈரம், மருந்து ஊட்டியபின் உலர்த்தியது என்ற மூன்றையும் விலைப்பட்டியலிலேயே எழுதச் சொல்லுங்கள். லாரியிலிருந்து இறக்குமுன் பல கட்டுகளிலிருந்து சட்டங்களை உருவி ஈரமானி வைத்துப் பாருங்கள். இறக்கிய பிறகு, அடுக்குகளுக்கு நடுவே ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வைத்துக் காற்றோட்டமாக அந்தக் கொட்டகைக்குள்ளேயே இரண்டு வாரமாவது கிடத்திவிட்டுப் பிறகு பொருத்துங்கள். மழை முந்திக்கொண்டால் தளவேலையைத் தை மாதத்துக்குத் தள்ளி வையுங்கள் ஐயா.