புதுப்பிப்பு: உரத்தொட்டி நாற்றம் ஒருவழியாகப் போனது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: மேற்கு மாம்பலத்தில் எங்கள் எட்டு வீட்டு அடுக்ககத்தில் உரத்தொட்டி வைத்த பத்தே நாளில் நாற்றம், புழு, மாடி வீட்டு மாமியின் கோபம்.

தப்பு எங்களுடையதுதான். மிஞ்சிய சாம்பாரை அப்படியே கொட்டியிருக்கிறோம். ஈரம் ஏறி, காற்று புகாமல் அழுகிவிட்டது. இப்போது ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு வேப்பஞ்சருகும் தேங்காய் நார்த்தூளும், மேலே கொஞ்சம் புளித்த மோர். வாரம் இருமுறை கிளறுகிறோம். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

மாமியே இப்போது சருகு பெருக்கித் தருகிறார்!

ஆனால் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்கும், மக்காத, அபாயக் குப்பை என மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. பழைய பேட்டரியும் காலாவதி மாத்திரையும் எங்களிடம் இன்னும் பிளாஸ்டிக்கோடுதான் போகின்றன. அப்புறம், இரண்டு வீடு இன்னும் சேரவே இல்லை.