நித்யாவுக்குச் சென்னையில் வீடு

நித்யா: எல்லோருக்கும் வணக்கம். ஆபீஸில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள், ஜூன் முதல் சோழிங்கநல்லூர். அவருக்குக் கிண்டி. இனிமேல் குடும்பத்தோடு சென்னைதான், மாமியாரும் எங்களோடு வருகிறார். எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாடகை 25,000க்குள் இருக்க வேண்டும். எனக்கு ஒரே ஆசை, கடல் பக்கமாக இருந்தால் நல்லது. இந்த வேலூர் வெயிலில் வெந்தது போதும்.

அம்மா: பாப்பாவுக்கு ஸ்கூல் பக்கத்தில் இருக்கணும். அதை முதலில் பாரு.

சிவா: நான் வேளச்சேரி நினைத்திருக்கிறேன். கிண்டிக்கும் பக்கம், நித்யாவுக்கும் ரொம்பத் தூரம் இல்லை, பறக்கும் ரயில் இருக்கிறது, கடை கண்ணி எல்லாம் இருக்கிறது. என் அம்மாவுக்கு மூட்டு வலி என்பதால் தரைத்தளமாகப் பார்க்கச் சொல்லி இருக்கிறேன். ஒரு புரோக்கர் ரெண்டு வீடு போட்டோ அனுப்பி இருக்கிறார், இரவு போடுகிறேன்.

சரவணன் சித்தப்பா: மாப்பிள்ளை, தரைத்தளம் மட்டும் வேண்டாம். வேளச்சேரியில் தரைத்தளம் வேண்டவே வேண்டாம்.

சரவணன் சித்தப்பா: 2015 டிசம்பரில் முடிச்சூரில் நாங்கள் பட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. சாயங்காலம் தெருவில் கணுக்கால் தண்ணீர், ராத்திரி ஜன்னல் கட்டை வரைக்கும் வந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்து வைத்ததால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம், அப்புறம் படகு வந்துதான் வெளியே வந்தோம். தண்ணீர் வடிந்தபின் வந்து பார்த்தால் சமையலறைக் கதவு திறக்கவே இல்லை. உள்ளே பிரிட்ஜ் மிதந்து போய்க் கதவுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது, ஜன்னல் கம்பியை அறுத்துத்தான் உள்ளே போனோம். பொருள் போனால் வாங்கிக்கொள்ளலாம். இப்போது உங்கள் அம்மா வேறு உங்களோடு இருக்கப் போகிறார். மூட்டு வலியோடு ராத்திரியில் அவரை யார் மாடி ஏற்றுவது?

சிவா: புரிகிறது மாமா. ஆனால் அது செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால் வந்ததுதானே? வேளச்சேரி வேறு பக்கம் இல்லையா?

ராஜன் பெரியப்பா: இல்லை மாப்பிள்ளை, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிங்க. நான் பொதுப்பணித்துறையில் ஏரி, மதகு என்றே காலம் தள்ளியவன். செம்பரம்பாக்கத்தில் அந்த ராத்திரி விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள், அது ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கத்தை அடித்தது. முடிச்சூருக்கு வந்தது அந்தத் தண்ணீரே இல்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி அடையாற்றின் தலைப்பகுதியில் வந்த வெள்ளம் அது. செம்பரம்பாக்கம் தண்ணீர் அதற்குக் கீழேதான் வந்து சேருகிறது.

ராஜன் பெரியப்பா: வேளச்சேரி கதை மூன்றாவது. மாடம்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏரிகள் நிரம்பி, வழிகிற தண்ணீர் எல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கோவளம் முகத்துவாரத்தில் கடல். புயல் நேரத்தில் கடல் மட்டமே உயர்ந்து நிற்கும், தண்ணீரை வாங்காது. அப்போது மழை விட்டாலும் வெள்ளம் வடியாது. 2023இல் மிக்ஜாம் புயலுக்கு வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கத்தில் நாள்கணக்கில் நின்றது இதனால்தான். அந்தச் சதுப்பு நிலம் மிச்சம் இருப்பதை 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் ஏற்கனவே மண்ணடித்துக் கட்டிய இடத்துக்குத் தண்ணீர் வரத்தான் செய்யும். அது அதனுடைய இடம்.

தினேஷ்: அக்கா, 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்திவிட்டுப் போனார்களே, டிவியில் பார்த்தோமே. மழை பெய்வதற்கு முன்பே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே குடியிருக்கிறவர்களுக்கே அந்தப் பயம் இருக்கிறது.

நித்யா: ஐயோ ஆமாம். அப்படியானால் கடல் பக்கம் திருவான்மியூர்? மாலதி அத்தை, நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள், ஒன்றும் சொல்லவில்லையே.

மாலதி அத்தை: இப்போதுதான் கோயிலில் இருந்து வந்தேன் கண்ணு. மருந்தீஸ்வரர் கோயிலில் இன்று கூட்டம். சொல்கிறேன் கேள். கடல் காற்று என்பது உண்மைதான், மே மாதம் மதியத்துக்கு மேல் ஜன்னலைத் திறந்தால் உள்ளே வரும், வேலூர் மாதிரி ராத்திரி பத்து மணிக்கும் சுவர் கொதிக்காது. ஆனால் அந்தக் காற்று சும்மா வராது, உப்பையும் கொண்டுதான் வரும். ஜன்னல் கிரில்லுக்கு பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் பொரிந்துவிடும், ஏசி வெளிப்பெட்டி அரித்துப்போய் மாற்றினோம். போரிங் தண்ணீரில் துணி துவைத்தால் பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படியும், வாயில் வைத்தால் கரிக்கும். நாங்கள் எல்லாம் போர் போட்டு நிலத்தடி நீரை இழுத்துவிட்டதால் கடல் நீர் உள்ளே ஏறிவிட்டது என்கிறார்கள். குடிக்க மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியம் விடுவது. நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் வந்தபிறகு தென்சென்னைக்குக் கொஞ்சம் தேவலாம். வீடு பார்க்கும்போது தொட்டியில் மெட்ரோ தண்ணீர் ஏறுகிறதா, லாரித் தண்ணீரா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே. இன்னொன்று, 25,000க்கு என் தெருவில் ரெண்டு பெட்ரூம் கிடைப்பது கஷ்டம்.

ராஜன் பெரியப்பா: தண்ணீர் பற்றி மாலதி சொல்வது ரொம்ப முக்கியம். 2019 ஜூலையில் சென்னைக்கு நம்ம ஜோலார்பேட்டையில் இருந்துதானே ரயிலில் தண்ணீர் போனது. 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர், வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். நம் பக்கம் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஜனங்கள் அந்த ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊரில் வெள்ளமும் வரும், வறட்சியும் வரும், ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வீடு பார்க்க வேண்டும்.

அம்மா: அப்ப எங்கதான் போறது? ஓஎம்ஆர் ரோட்டிலேயே ஆபீஸ் பக்கத்தில் எடுத்தால் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள நேரம் இருக்குமே.

தினேஷ்: பெரும்பாக்கம் பக்கம் புது பிளாட் நிறைய இருக்கிறது பெரியம்மா, ஆனால் கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் போட்டுப் பார்த்தேன், இப்போது கட்டடம் நிற்கிற பல இடம் அப்போது பச்சையாகவும் தண்ணீராகவும் இருக்கிறது. நித்யா அக்கா, நீ பார்க்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இதைச் செய்து அனுப்புகிறேன். பெருங்குடி குப்பைக் கிடங்கும் பக்கம், 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. பாப்பாவுக்கு வீசிங் வேறு.

சிவா: சரி, எனக்கு ஒரு யோசனை. நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம்? நங்கநல்லூர் ரோடு மெட்ரோவில் ஏறினால் அடுத்து ஆலந்தூர், அதற்கடுத்து கிண்டி. சென்ட்ரலுக்கும் மெட்ரோ போகிறது, காட்பாடி ரயிலுக்கு லிஃப்ட், எஸ்கலேட்டர் என்றே போய்விடலாம். அம்மாவுக்கு சிஎம்சியில் செக்கப் இருக்கிறது, அடிக்கடி வேலூர் வந்துபோக வேண்டும், அதனால் இது எனக்கு முக்கியம்.

நித்யா: உங்களுக்கு ரெண்டு ஸ்டேஷன், எனக்கு?

மாலதி அத்தை: அதைக் கேள். அங்கிருந்து சோழிங்கநல்லூர் என்றால் ரேடியல் ரோடு பிடித்துத் துரைப்பாக்கம் போய், ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை நடக்கிற பள்ளத்துக்குப் பக்கத்தில் ஊர்ந்து போக வேண்டும். வண்டியில் போனால் தூரம் அதிகம் இல்லை, நெரிசல்தான். இவள் வேலைக்கும் போய், வந்து சமைத்து, பாப்பாவையும் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை சௌகரியத்தை மட்டும் வைத்து முடிவு பண்ணக் கூடாது, நான் கோபமாகச் சொல்லவில்லை சிவா.

சிவா: இல்லை அத்தை, நியாயம்தான். மாதவரத்தில் இருந்து சோழிங்கநல்லூர் வரை வருகிற மெட்ரோ ஆலந்தூர், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், மேடவாக்கம் வழியாகத்தான் போகிறது. அது ஓட ஆரம்பித்தால் அவளுக்கு நேராக ஆபீஸ்.

சரவணன் சித்தப்பா: ஓட ஆரம்பித்தபின் பேசலாம். வரப்போகிற ரயிலை நம்பி வீடு எடுக்காதீங்க, ரியல் எஸ்டேட் ஆட்கள் விற்பதே அதைச் சொல்லித்தான். இப்போது இருக்கிற பஸ்ஸில், இப்போது இருக்கிற ரோட்டில் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நித்யாவே போய்ப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லா ரோடும் நல்ல ரோடுதான்.

நித்யா: இது நல்ல யோசனை சித்தப்பா. என் ஆபீஸில் வாரம் மூன்று நாள் வந்தால் போதும் என்கிறார்கள், அதனால் கொஞ்சம் தூரம் என்றாலும் சமாளிப்பேன். ஆனால் பாப்பா ஸ்கூல் விடுகிற நேரத்துக்கு ஒருத்தர் வீடு வந்து சேர வேண்டும், கிண்டியில் இருக்கிறவர் வந்தால் சரி.

சிவா: நான் வருகிறேன். எழுதியே தருகிறேன்.

ராஜன் பெரியப்பா: நங்கநல்லூர் பழைய குடியிருப்பு, எனக்குப் பரவாயில்லை என்றுதான் படுகிறது. ஆனால் அங்கேயும் தாழ்ந்த தெருக்கள் உண்டு, ரயில் பாதைக்குக் கீழே போகிற சுரங்கப்பாதைகளில் மழைக்குத் தண்ணீர் நிற்கும். ஏரியா பெயரை வைத்து எடுக்காதே அம்மா, தெருவை வைத்து எடு. வீட்டு வாசல்படி ரோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா பார். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுப் போட்டு, முன்பு மேடாக இருந்த வீடெல்லாம் பள்ளமாகிவிட்டது. இ.பி. மீட்டர் பெட்டியைப் பார், நெஞ்சு உயரத்தில் இருந்ததைத் தலைக்கு மேலே தூக்கி மாட்டி இருந்தால் அங்கே தண்ணீர் வந்திருக்கிறது. காம்பவுண்ட் சுவரில் ஒரே மட்டத்தில் கறை ஓடினாலும் அதேதான், புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார். வீட்டுக்காரரிடமும் புரோக்கரிடமும் கேட்டால் ‘இங்கே தண்ணியே நிக்காது’ என்றுதான் சொல்வார்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம், பால் போடுகிறவரிடம் கேள், 2015இல் எதுவரை வந்தது, 2023இல் எதுவரை வந்தது என்று. அவர்களுக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

அம்மா: மாமியாருக்கு மாடி?

ராஜன் பெரியப்பா: முதல் மாடி, லிஃப்ட் இருக்கிற கட்டடம். லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்கவும், அந்த ஜெனரேட்டர் தரையில் இருக்கிறதா மேடையில் இருக்கிறதா என்றும் பார்க்கவும். அப்புறம் அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பார்கள், அது அங்கே பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் போடாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதைப் பதமாக எடுத்துச் சொல்லி ஐந்துக்காவது குறைக்கப் பாருங்க மாப்பிள்ளை. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் சாவி வாங்க வேண்டாம்.

நித்யா: சரி பெரியப்பா. அப்ப வேளச்சேரி போட்டோ போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். கடல் ஆசையை மாலதி அத்தை வீட்டுக்கு ஞாயிறு ஞாயிறு வந்து தீர்த்துக்கொள்கிறேன்.

மாலதி அத்தை: வா கண்ணு, பாப்பாவை அழைத்துக்கொண்டு வா. வரும்போது இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ரெண்டு கிலோ, இங்கே கிடைப்பதில் ருசியே இல்லை.

சிவா: வருகிற சனிக்கிழமை ஏலகிரி எக்ஸ்பிரஸில் காட்பாடியில் ஏறுகிறோம். முதலில் நங்கநல்லூர், மதியம் ஆதம்பாக்கம். திங்கட்கிழமை காலை நித்யா அங்கிருந்தே சோழிங்கநல்லூர் போய்ப் பார்ப்பாள், அதுவரை அத்தை வீட்டில் தங்கல்.

சரவணன் சித்தப்பா: சென்ட்ரலில் இறங்கி எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடிங்க, பழவந்தாங்கலில் நான் நிற்கிறேன். மீட்டர் பெட்டி பார்க்கிற வேலை என்னுடையது.